ஒன்பதரை மணி நேரம்

நாலு கட்டத்தில் மூன்றை நிரப்பியாயிற்று. எட்டாம் வகுப்பு அறிவியல், ஒன்றரை மணி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல், ஒன்றரை மணி. பத்தாம் வகுப்பு அறிவியல், இரண்டு மணி. பதினெட்டு வருசமாக நடத்துகிற பாடம், வீட்டில் உட்கார்ந்து தயார் பண்ண வாரத்துக்கு இதுவே அதிகம். நாலாவதாக ஆறாம் வகுப்புக் கணக்கு என்று எழுதிவிட்டு, எதிரே நேரம் போடுகிற கட்டத்தில் பேனாவை வைத்த சந்தனமாரி டீச்சர் வைத்தபடியே இருந்தாள். மை ஊறி மிளகளவுக்குப் பொட்டு விழுந்துவிட்டது. மணி அடிக்கிறதுக்குள் தாள் தலைமையாசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிந்தின முதல் பாடவேளை, அவளுக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் ரசவாடையும் ஊறுகாய் வாடையும் இன்னும் கலையவில்லை. மேலே காத்தாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. சுற்றறிக்கை நோட்டைப் பள்ளிக்கூடத்து ஆயா மாடத்தி அக்கா கொண்டுவந்து நீட்டியிருந்தாள். ‘ஆசிரியர்களின் வகுப்புத் தயாரிப்புச் சுமையைக் குறைக்கும் பொருட்டு’ என்று ஆரம்பித்திருந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் யாரும் வீட்டில் தயாரிப்பு வேலை பார்க்கக் கூடாதாம். பார்த்தால் ஒரு பாடத்தை இறக்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம், ஜனவரியிலிருந்து. பொருட்டு. இந்தப் பொருட்டு என்ற வார்த்தை வந்த எந்தத் தாளும் இதுவரை நல்லதாக முடிந்ததில்லை. ஆசிரியர் நலன் பொருட்டு என்று ஒரு தடவை வந்தது, கடைசியில் சனிக்கிழமை பூராவும் பயிற்சி. உடல்நலன் பொருட்டு என்று வந்தது, வரிசையில் நிற்க வைத்து ரத்தம் எடுத்தார்கள், யார் யாருக்குச் சர்க்கரை என்று ஊரெல்லாம் தெரிந்தது. இப்போது சுமை. நம் தலையில் இருக்கிற சுமை இவர்களுக்கு எதற்கு வலிக்கிறது? ஒரு பாடத்தை எடுத்தால் வாரப் பாடவேளை குறையும். குறைந்தால் உபரி ஆசிரியர் என்று பட்டியலில் ஏற்றுவார்கள். ஏற்றினால் எந்த ஊர்க் கோடியிலோ ஒரு பள்ளிக்கூடம். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். உபரியாவதுகூடப் பெரிதில்லை, ஆறாம் வகுப்புக் கணக்குப் போய்விடக் கூடாது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். அறிவியல் டீச்சர் எதற்கடி கணக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜெயசீலி இடது கையால் தன் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடும் என்று மறைக்கிற மாதிரி. அவள் ஜூன் மாசம்தான் இந்தப் பள்ளிக்கு வந்தாள், முறையாகக் கணக்குப் படித்த டீச்சர். சின்னப் பெண், வாய் நிறைய அக்கா அக்கா என்பாள். அதுதான் சந்தனமாரிக்கு இடித்தது. வந்த ஆறு மாசத்தில் ஒரு தடவைகூட ‘ஆறாம் வகுப்பை எனக்குக் குடுங்க’ என்று கேட்கவில்லையே. கேட்டிருந்தால் கேட்டாள் என்று விட்டுவிடலாம். கேட்காத ஆளை எப்படி நம்புகிறது? நியாயமாகப் பார்த்தால் அந்த வகுப்பு அவளுடையது. அது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்றால் உள்ளே வேறு ஒரு ஏற்பாடு ஓடுகிறது என்றுதானே அர்த்தம். தலைமையாசிரியர் அறைக்கு இந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை போய் வந்தாள். போகும்போது ஒரு முகம், வரும்போது ஒரு முகம். சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு அவள் போகிற வழி சந்தனமாரி வீட்டுச் சன்னலை ஒட்டித்தான். சன்னலில் திரை கிடையாது. போகிற வருகிறவள் எட்டிப் பார்த்திருந்தால், பார்த்ததை வந்து சொல்லியிருந்தால். என்னத்தைப் பார்த்திருப்பாள், ஒரு பொம்பளை மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு ஆம்பளை பென்சிலோடு நிற்கிறார். ‘பாடத்தை டீச்சர் தயார் பண்ணல, வீட்டுக்காரருதான் தயார் பண்றாரு’ என்று சொல்ல அது போதும். தாளின் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது பார், தயாரிப்பில் பிறர் உதவி உண்டா. எல்லாருக்கும் இந்தக் கேள்வியா, தன் தாளில் மட்டும் இருக்கிறதா? ஜெயசீலியின் கை கொஞ்சம் நகர்ந்தால் பார்த்துவிடலாம். நகரவில்லை.

பிறர். புருசன் சங்கரவேலைப் பிறர் என்று எழுத முடியுமா? பஞ்சு மில்லில் இருபத்திரண்டு வருசம் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதின கை. மில்லை மூடி எட்டு வருசம் ஆகிறது. மூடின அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவர், அதோடு பேச்சையும் மூடிவிட்டார். கோபம் கிடையாது, சண்டை கிடையாது, குடி கிடையாது. ‘ம்.’ ‘சரி.’ ‘போதும்.’ மூன்று வார்த்தையில் ஒரு நாள் ஓடிவிடும். மகள் திருப்பூரிலிருந்து போன் பண்ணினால் ஒரு நிமிசம் காதில் வைத்திருந்துவிட்டு அவளிடம் நீட்டிவிடுவார். அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். குழம்பில் உப்பைப் போடாமல் வைத்துப் பார்த்தாள், பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அப்புறம் மூன்று வருசத்துக்கு முன்னால் பழைய கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றுப் போக, ஆறாம் வகுப்பை அவள் தலையில் கட்டினார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறி முப்பத்தெட்டு வாங்கினவள் அவள். முதல் நாள் சாயங்காலம் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழித்தாள். இரவு பத்தே முக்கால் என்பதை இருபத்து நாலு மணிக் கணக்கில் எழுத வேண்டும். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. ‘பன்னெண்டக் கூட்டு’ என்றது குரல். அவள் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாரோ என்று பயம், சன்னலில் வந்து உட்கார்ந்த குருவியைப் பார்க்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘எதுக்குங்க கூட்டணும்’ என்று புத்தகத்திடம் கேட்டாள். ‘பின்ன, ராத்திரி ஷிப்டுக்காரன் பத்தே முக்காலுக்கு வந்தான்னு எழுதினா, காலைல வந்தவனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? நாங்க இருபத்திரண்டு நாப்பத்தஞ்சுன்னுதான் போடுவோம்.’ அப்புறம் சங்கு ஊதுவது, சங்குக்கு முன்னாலேயே கேட்டில் வந்து நிற்கிறவன், சங்கு ஊதி முடிந்து மூச்சிரைக்க ஓடிவருகிறவன், வேலை பார்க்காமல் நூல் கூடைக்குப் பின்னால் படுத்துக் கிடந்த ஒருத்தனை அவனுடைய குறட்டையை வைத்துக் கண்டுபிடித்தது. ஒன்றரை மணி நேரம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தே போயிருந்தது. அவள் போய்த் துடைக்கவில்லை.

முதல் வருசம் அவளுக்கு நிஜமாகவே தெரியாது. இரண்டாம் வருசம் எல்லாம் தெரிந்துவிட்டது. அதே புத்தகம், அதே கணக்கு. வகுப்புக்குப் போனால் புத்தகத்தைத் திறக்காமல் நடத்துவாள், பிள்ளைகள் சந்தனமாரி டீச்சர் கணக்கு என்றால் முன் வரிசைக்கு அடித்துக்கொள்ளும். ஆனால் ஆறரைக்கு வீட்டு மேசையில் உட்கார்ந்தால் தெரியாது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே இருக்கிறதை மேலேயும் கீழே இருக்கிறதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள். ‘கீழ கீழ கூட்டாத புள்ள’ என்று பென்சிலைப் பிடுங்குவார். பிடுங்கினால் பிறகு அந்தச் சாயங்காலம் அவளுடையது. போன வருசம் செய்த தப்பையே இந்த வருசமும் செய்தால் கண்டுபிடித்துவிடுவாரே, அதனால் புதுத் தப்பு வேண்டும். புதுத் தப்பு சும்மா கிடைக்காது. மதிய ஓய்வில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போது அதுகள் செய்கிற தப்பில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ‘இந்தச் சனியன் பிடிச்ச கணக்கு என் உயிரை வாங்குது’ என்று தினமும் ஒரு தடவை சலித்துக்கொள்ளவும் வேண்டும், இல்லையென்றால் நம்ப மாட்டார். இப்போது இந்தக் கட்டத்தில் என்ன எழுத? பாடத்தைத் தயாரிக்க ஆகிற நேரம் பூஜ்யம். தப்பைத் தயாரிக்க ஆகிற நேரத்துக்குக் கட்டம் கிடையாது. பூஜ்யம் என்று போட்டால் அது சத்தியம், மொத்தம் ஐந்து மணிதான் வரும், பாடமும் கையை விட்டுப் போகாது. அதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் பூஜ்யத்தை யார் நம்புவார்கள், தயாரிக்காமலே வகுப்புக்குப் போகிறாள் என்று அதற்கு ஒரு விசாரணை வரும். அரை மணி என்று போடலாம். அரை மணி என்று போட்டால்.

“டீச்சர், இன்னும் முடியலையா?”

வாசலில் தலைமையாசிரியர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார்.

“முடிஞ்சுது சார். ஒரு கட்டம்தான்.”

“ஆறாப்புக் கணக்குதான? ஒன்பதரைன்னு போட்டுருங்க. மொத்தம் பத்தத் தாண்டிரும், ஜனவரிலருந்து ஜெயசீலி டீச்சர் பாத்துக்கிடுவாங்க. உபரி கிபரின்னு யாரும் எழுதாம நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க.”

போய்விட்டார். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது.

ஒன்பதரை. பத்து என்றால் தோராயம். ஒன்பது என்றால் வாய்க்கு வந்தது. ஒன்பதரை என்றால் யாரோ உட்கார்ந்து கூட்டியிருக்கிறார்கள். அவளும் விரலை மடக்கிக் கூட்டினாள். திங்கள் முதல் சனி வரைக்கும் ஒன்றரை ஒன்றரை, ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி. ஒன்பதரை. அவளே இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. சன்னல் வழியாகப் போகிற வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை மணிதான் என்பதுகூடத் தெரிகிறது என்றால் நின்று பார்த்திருக்கிறாள். நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள். பத்து நாளாகவே எதுவும் சரியில்லை, எல்லாம் இப்போதுதான் கோர்த்துக்கொண்டு வருகிறது. போன வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில் ஒன்று அடிப்பக்கம் மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. செருப்பு கவிழ்ந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள், அவள் தெருநாயைத் திட்டிக்கொண்டே நிமிர்த்திப் போட்டாள். மறுநாள் அலமாரிக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி, பேப்பர் சுற்றி. ‘என்னதுங்க அது’ என்றாள். ‘ம்’ என்றார். மில்லுக் காகிதமாக இருக்கும், வழக்குப் போடப் போகிறாரோ என்று நினைத்து அதற்கு மேல் கேட்கவில்லை. இவரும் கொஞ்ச நாளாக ஒரு மாதிரிதான் இருக்கிறார். முந்தாநாள் அவள் தசமத்தில் புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைத்தாள், ரொம்ப யோசித்துத் தயாரித்த தப்பு அது. பென்சிலைப் பிடுங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை என்ன பார்வை? அதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் இவளை.

“ஜெயசீலி, நீ ஜெபத்துக்குப் போறப்ப எங்க வீட்டுப் பக்கம் நிப்பியோ?”

“எதுக்குக்கா?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கேக்குற மூஞ்சியா இது? பிட்டு அடிச்சவளப் பிடிச்ச மாதிரில பாக்கீங்க.”

“சாருக்கு ஒன்பதரைன்னு யாரு சொன்னது?”

ஜெயசீலி பேனாவை மூடினாள்.

“அப்ப அண்ணன் உங்ககிட்டச் சொல்லவே இல்லையா?”

“எந்த அண்ணன்?”

“நல்லாருக்கு. உங்க வீட்டு அண்ணன்தான். போன வியாழக்கிழமை நீங்க பயிற்சிக்குப் போயிருந்தீங்கள்லா, அன்னைக்கு வந்தாங்க. தேச்ச சட்டை, கையில ஒரு பாக்கெட் நோட்டு. நான் சார் ரூம்ல அரையாண்டுக் கேள்வித்தாள் எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

“என்னன்னு வந்தாரு?”

“நோட்ட விரிச்சு வாசிச்சாங்கக்கா. ஜூன் மொத வாரம் ஒன்பதரை, ரெண்டாவது வாரம் ஒன்பதரை, மூணாவது வாரம் மக வந்திருந்தா எட்டு. சாருக்குச் சிரிப்பு தாங்கல. ‘தினமும் இந்தக் கணக்கோட மல்லுக்கட்டுதா, உயிரை வாங்குதுன்னு புலம்புதா. மூணு வருசமாச் சொல்லிக் குடுக்கேன், அவளுக்கு இது வர மாட்டேங்குது சார். வேற யாருக்காச்சும் மாத்திக் குடுங்க’ன்னாங்க.”

“வர மாட்டேங்குதுன்னா சொன்னாரு?”

“அச்சு அசல் அப்படித்தான். இப்படி ஒரு தாள் வரப்போகுது, அதுலயே சேத்துருவோம்னு சார் சொல்லிட்டாரு.” அவள் மறைத்திருந்த கையை எடுத்துத் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவள் தாளிலும் அடியில் அதே கேள்வி இருந்தது. “இந்தாங்க, பாத்துக்கிடுங்க. எனக்கு நிசமா பன்னெண்டு மணி ஆகுது. ஏழுன்னு எழுதியிருக்கேன். எனக்குக் குறைச்சுக் காட்டினாத்தான் உங்க பாடத்த என் பேர்ல ஏத்த முடியுமாம். சுமையைக் குறைக்கிற லட்சணம். இதச் சொன்னா நீங்க என்னத்தான் சந்தேகப்படுவீங்கன்னு வாயத் தொறக்கல.”

“நான் எதுக்கு உன்னச் சந்தேகப்படுதேன்?”

ஜெயசீலி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அண்ணன் கடைசில ஒன்னு கேட்டாங்கக்கா” என்றாள். “வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. ‘அப்ப சாயங்காலம் ஆறரைக்கு மேல அவளுக்கு வேலை ஒன்னும் இருக்காதுல்லா சார்?’னு. இருக்காதுன்னாரு சார். அதுக்குப் பெறகுதான் போனாங்க.”

“ஆறரைக்கு மேல என்னவாம்?”

“அத நீங்கதான் கேக்கணும்.”

சந்தனமாரி தாளைப் பார்த்தாள். மைப்பொட்டு காய்ந்திருந்தது. நம்பிவிட்டார். மூன்று வருசமாக அவள் சலித்துக்கொண்டதையெல்லாம் அட்சரம் பிசகாமல் நம்பி, வாரம் வாரம் எழுதி வைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அவளுக்காக வந்து கேட்டிருக்கிறார். எட்டு வருசத்தில் அவர் வெளி ஆளிடம் இத்தனை வார்த்தை பேசினதாக அவளுக்கு ஞாபகம் இல்லை, பேசினது அவளுக்கு மண்டை மந்தம் என்று. இப்போது அவள் பூஜ்யம் என்று போட்டால் வகுப்பு நிற்கும், அவருடைய நோட்டு பொய்யாகும். ‘உங்க சம்சாரத்துக்கு நேரமே ஆகலையாமே’ என்று சார் எங்கேயாவது கடைத்தெருவில் வைத்துச் சிரித்துக் கேட்பார், அதோடு மனுசன் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார். ஒன்பதரை என்று போட்டால் நோட்டு நிற்கும், வகுப்பு போகும், ஆறரை மணி போகும், அப்போதும் நாற்காலிதான். எப்படிப் போட்டாலும் நாற்காலியில்தான் வந்து முட்டுகிறது. ஆனால் நம்பினாரா? கூடைக்குப் பின்னால் படுத்தவனைக் குறட்டையை வைத்துப் பிடித்த ஆள். வேலை பார்க்கிறவன் முதுகு வேறு, பார்க்கிற மாதிரி நிற்கிறவன் முதுகு வேறு என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்று வருசம் அவள் முதுகுக்குப் பின்னால்தானே நின்றார். முந்தாநாள் தசமப்புள்ளிக்கு அவர் பார்த்த பார்வை அதுதானோ. தெரிந்தேதான் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாரோ. தெரிந்தே பிடுங்கினார் என்றால், போதும் என்று அலுத்துப்போய் வந்து சொன்னாரா? அலுத்துப்போனவர் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவாரா? ஆறரைக்கு மேல் வேலை இருக்காதே என்று அவர் எதற்குக் கேட்க வேண்டும், ஆறரைக்கு அவருக்கு என்ன இருக்கிறது. ஆறரைக்குத் தெருவில் புருசனும் பெண்டாட்டியுமாக ரயிலடி வரைக்கும் நடந்துவிட்டு வருவார்கள், போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்காரர்கள். இவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். சர்க்கரை பார்க்கிற டாக்டர் போன மாசம் என்ன சொன்னார், ரெண்டு பேருமே நடக்கணும், சும்மா செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, ஷூ வேண்டும் என்றார். இவர் ‘ம்’ என்றார். வியாழக்கிழமை இங்கே வந்தார். வெள்ளிக்கிழமை செருப்பு கவிழ்ந்து கிடந்தது. சனிக்கிழமை அட்டைப்பெட்டி. நாய் செருப்பைக் கவ்வியிருந்தால் இழுத்துக்கொண்டுதானே போயிருக்கும், ஒற்றையைத் திருப்பிப் போட்டு வைக்குமா. அளவு நம்பர் பார்க்கத்தான் ஒரு ஆள் செருப்பைத் திருப்புவான்.

அப்படித்தான் என்று யார் சொன்னது? பெட்டியில் மில்லுக் காகிதமாகவே இருக்கலாம். அவருக்கு மட்டும் வாங்கியிருக்கலாம். நாயாகவே இருக்கலாம். வெளியே மாடத்தி அக்கா மணிக்காகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுப் பக்கம் போகிறது சன்னலில் தெரிந்தது, கையில் இரும்புக் கம்பி. சந்தனமாரி மைப்பொட்டின் மேலேயே பேனாவை அழுத்தி ஒன்பதரை என்று எழுதினாள். எண்ணால் எழுதி, பிறகு திருத்த முடியாதபடி எழுத்தாலும் எழுதினாள். பிறர் உதவி உண்டா என்ற இடத்தில் ‘உண்டு’ என்று போட்டாள். கையெழுத்துப் போட்டு ஜெயசீலியிடம் நீட்டினாள்.

“என்னக்கா, வகுப்பக் குடுத்துட்டீங்க?”

“பின்ன, எனக்குத்தான் வர மாட்டேங்குதே. முன் வரிசையில ஒரு பொட்டப்புள்ள கீழ கீழ கூட்டும். அடிச்சிராத. பென்சில மட்டும் வாங்கிக்க.”

மணி அடித்தது. அடுத்த பாடவேளை ஆறாம் வகுப்பு. தாழ்வாரத்தில் பாதி தூரம் போனவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இடது கால் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. நம்பர் இருந்த இடம் தேய்ந்து எத்தனையோ மாசம் ஆகியிருக்கும். ஒன்றும் தெரிந்திருக்காதே அவருக்கு. உத்தேசமாகத்தான் வாங்கியிருப்பார். சின்னதாக வாங்கியிருந்தால் விரலைக் கடிக்கும், பெரிதாக வாங்கியிருந்தால் குதிகால் கழன்று கழன்று வரும். எப்படி இருந்தாலும் போட்டவுடனே, ‘அளவெடுத்த மாதிரி இருக்குங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க’ என்று கேட்டுவிட வேண்டும். அதை எந்தக் குரலில் கேட்டால் நம்புவார் என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.